கிறிஸ்துமஸ் டியூட்டியும் கொலைக் கதைகளும்

1. டியூட்டிக்குக் கூலி

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் வந்துவிட்டது. டியூட்டி சார்ட்டைக் கையில் பிடித்தபடி லிஸி சிஸ்டர் என் முன்னால் வந்து நின்றார். கோட்டயம் பக்கத்துக்காரர். என்னைவிட ஒரு வருடம்தான் சீனியர், ஆனால் நிற்கிற தோரணையைப் பார்த்தால் பத்து வருடம் என்று சொல்லத் தோன்றும்.

"ஜெய்னப், உனக்குக் கிறிஸ்துமஸ் உண்டோ?"

"இல்ல சிஸ்டர்."

"எங்கில் அப்போ இருபத்திநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு மூணு நாளும் நீ எடு. உன் நோன்புப் பெருநாளுக்கு உன் டியூட்டி முழுக்க நான் பார்க்கும். சரியோ?"

"சரி."

அரை நிமிடத்தில் முடிந்த இந்த ஒப்பந்தம், நான் போன வருடம் ரிட்டயர் ஆகும்வரை ஒருமுறைகூட மீறப்படவில்லை.

போடிமெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. பன்னிரண்டு படுக்கை, ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு ஆயா. கிறிஸ்துமஸ் நாட்களில் தோட்டத்துக்கு லீவு என்பதால் வெட்டுக்காயம், வழுக்கி விழுந்தது எதுவும் வராது. சாதாரணமாக நடக்க முடிகிற நோயாளிகள் எல்லாம் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் புகையாய் மஞ்சு இறங்கி நிற்கும். நான் பஞ்சு சுருட்டுவேன், ஊசிகளை எண்ணுவேன், மறுபடியும் பஞ்சு சுருட்டுவேன்.

முதல் வருடம் ஊரிலிருந்து திரும்பிய லிஸி சிஸ்டர், எல்லோருக்கும் பிளம் கேக் கொண்டுவந்தார். எனக்கு மட்டும் கூடவே ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம். அட்டையில் ஒரு பெரிய பங்களா, சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி, அந்தப் பனியில் சிவப்பாக ஒரு கறை.

"இது என்ன சிஸ்டர்?"

"டியூட்டிக்குக் கூலி. அடுத்த கிறிஸ்துமஸுக்கு வாயிச்சோ, படிச்சுக்கோ. கிறிஸ்துமஸ் டியூட்டிக்குக் கிறிஸ்துமஸ் கொலை."

அதன்பிறகு வருடத்துக்கு ஒன்று வந்தது. எல்லாம் ஒரே ஜாதி. ஒரு பணக்காரக் கிழவர் சொந்தக்காரர்களைப் பண்டிகைக்கு அழைப்பார். பனி விழுந்து ரோடு அடைபடும். விருந்து நடக்கும். விடிந்தால் யாராவது செத்துக் கிடப்பார்கள்.

என் ஆங்கிலம் நர்சிங் பள்ளி ஆங்கிலம். காதல் கதை என்றால் திணறியிருப்பேன். கொலைக் கதையில் அந்தத் தொல்லை இல்லை. விஷம், காயம், மயக்கம், போஸ்ட்மார்ட்டம் என்று பாதி வார்த்தைகள் என் பாடப் புத்தகத்திலேயே இருந்தவை. மீதிக்கு முதலில் டிக்‌ஷனரியும் பிறகு செல்போனும் உதவின. போடி பஜாரில் பூட்டும் கயிறும் விற்ற என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மட்டும் இது பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரில உக்காந்து எவன் எப்படிச் செத்தான்னு படிக்கிறியாக்கும். வேற சோலி இல்லயா?" என்பார். பத்து நிமிடம் கழித்து, "சரி, யாருதான் கொன்னது?" என்றும் கேட்பார்.

2. யார் சாப்பிட்டது, யார் சாப்பிடாதது

ஆயா பாக்கியம் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்கும் பசி அதிகம். நான் ஒரு அத்தியாயம் படித்து அதைத் தமிழில் சொல்ல வேண்டும். அதுவரை வார்டைப் பெருக்கிய துடைப்பம் அவர் கையைவிட்டு இறங்காது.

"பனின்னா நம்ம மேட்டுல இறங்குற மஞ்சு மாதிரியா சிஸ்டரு?"

"இல்லக்கா. உப்பு மூட்டை பிரிஞ்சு கொட்டுன மாதிரி. முழங்கால் வரைக்கும் கிடக்கும்."

"அது சரி. அந்தப் புட்டிங்கு புட்டிங்குன்னு சொல்றாங்களே, அது என்னா?"

நான் அதுவரை அதைச் சாப்பிட்டதில்லை. "முட்டையும் தேங்காப்பாலும் சேத்து அவிக்கிற எங்க வீட்டு வட்டிலப்பம் மாதிரின்னு வச்சுக்கங்க, உள்ள திராட்சையெல்லாம் போட்டு" என்று சொல்லிவைத்தேன். அதன்பிறகு இங்கிலாந்துப் பிரபுக்கள் எல்லோரும் எங்கள் வார்டில் வட்டிலப்பம் சாப்பிட்டே செத்தார்கள்.

ஒரு வருடம், கால் முறிந்து படுத்திருந்த ஜீப்பு டிரைவர் ஒருவரும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். பனியால் ரோடு அடைபட்டு போலீஸ் வர முடியவில்லை என்ற இடம் வந்ததும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்.

"பொய்யி சிஸ்டர். ரோடெல்லாம் ஒண்ணும் அடைபடல. அந்த டிரைவர் வரச் சோம்பப்பட்டுட்டு கதை விடுறான். நான் இதே சோலிதான பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

பாக்கியம் அக்கா ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். விருந்தில் ஒருவர் செத்ததும் நான் ஒரு தாளில் இரண்டு கட்டம் போட வேண்டும். ஒன்றில் சாப்பிட்டவர்கள், இன்னொன்றில் சாப்பிடாதவர்கள். அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்லி, "இவ சாப்புட்டாளா? அப்ப இவளுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?" என்று நோண்டுவார். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுவார். நான் கொலைகாரனைக் கண்டுபிடித்த கதை ஒன்றோ இரண்டோதான்.

ஒருநாள் டாக்டர் சார் ரவுண்ட்ஸ் வந்தபோது, டெம்பரேச்சர் சார்ட்டின் பின்பக்கத்தில் இருந்த கட்டம் கண்ணில் பட்டுவிட்டது. அவர் தொடுபுழைக்காரர். நல்ல டாக்டர், கோபக்காரர்.

"சிஸ்டரே, இதெந்தா? 'தோட்டக்காரன் சாப்பிட்டான், மருமகள் சாப்பிடவில்லை.' எந்த பெட்டில் கிடக்குந்ந பேஷண்ட் இது?"

"அவங்க பேஷண்ட் இல்ல சார். சந்தேகப்படுற ஆளுங்க."

வார்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"இது ஆஸ்பத்திரி. போலீஸ் ஸ்டேஷன் அல்ல. டியூட்டி நேரத்தில் இனி இந்தப் புத்தகம் கண்டால் கிழிச்சுக் களையும், கேட்டோ?"

அதற்குப் பிறகு புத்தகத்தை, பஞ்சும் கட்டுத்துணியும் வைக்கிற டிரெஸிங் டிரம்முக்குப் பின்னால் வைத்துப் படித்தேன். கட்டத்தைச் சார்ட்டில் போடுவதை நிறுத்தி, மருந்து அட்டைப்பெட்டியைப் பிரித்து அதில் போட்டேன்.

3. ஏழரை மணி ஜீப்பு

கொரோனா முடிந்து வந்த ஒரு டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை ஏழரை மணி. அந்த வருடம் குளிர் கொஞ்சம் கூடுதல். வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்ற வேகத்திலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்தது.

முருகேசன் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். எஸ்டேட்டில் ஏலக்காயை விறகு அனலில் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்போம். அவர் அங்கே அடுப்பு பார்ப்பவர், ஸ்டோர் ஜீப்பையும் ஓட்டுவார். பின்னாலேயே அவர் மனைவி செல்வி. செல்வியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தது அடுத்த வீட்டு ரோஸ்மேரி அக்கா. செல்வி வாசலிலேயே வாந்தி எடுத்தாள். பத்து வயது அபிக்குக் கால் நிற்கவில்லை. "தல வலிக்குது, தல வலிக்குது" என்று மட்டும் சொன்னது குழந்தை.

முருகேசன் கத்திக்கொண்டிருந்தார்.

"இந்தம்மா குடுத்த கோழிக்கறிதான் சார்! நேத்து மத்தியானம் தூக்குல குடுத்தனுப்புச்சு. என்னத்தப் போட்டு ஆக்குச்சோ, பாருங்க எம்பிள்ளைய!"

"அய்யோ, நாங்களும் அதத்தான சாப்புட்டோம் முருகேசா" என்று ரோஸ்மேரி அக்கா அழுதார். "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லயே."

"நீங்க சுடச்சுடத் தின்னுருப்பீங்க. எங்களுக்கு மிச்சத்தத்தான குடுத்த!"

ரோஸ்மேரி அக்கா சுவரோரமாய்ப் போய் நின்றுவிட்டார். வருடம் தவறாமல், ஒரே வரிசையாய் இருக்கும் அந்த லைன் வீடுகள் முழுக்கக் கறி கொடுத்தனுப்புகிறவர் அவர். அந்த ஒரு வார்த்தையில் முகம் செத்துப்போயிருந்தது.

டாக்டர் சார் இருவரையும் பார்த்தார். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினோம். அம்மாவுக்கு 98, மகளுக்கு 99. கொரோனாவுக்குப் பிறகு அந்த எண்ணைப் பார்த்தால் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும்.

"ஃபுட் பாய்சனிங். டிரிப் போடு, வாந்திக்கு இன்ஜெக்‌ஷன் போடு" என்றார். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டிரிப் போட்டுக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"கறி யார் யாரு சாப்பிட்டீங்க?"

"நான்தான் சிஸ்டர் நெறையா" என்றார் முருகேசன். "ராத்திரி ஸ்டோர்ல டியூட்டி. டிபன்ல போட்டுக் கொண்டு போயிட்டேன். இவ கொஞ்சம் சாப்புட்டா."

"உங்களுக்கு வயிறு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"அபி எவ்வளவு சாப்பிட்டுச்சு?"

செல்வி கண்ணைத் திறக்காமலே முனகினாள். "அவ கறியத் தொடல சிஸ்டர், இவருக்குத் தெரியாது. ரசஞ்சோறுதான்."

டிரிப்பைப் போட்டு முடித்து நிமிர்ந்தபோது பாக்கியம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாந்தியைத் துடைத்த துணி கையிலேயே இருந்தது.

"சிஸ்டரு, கட்டம் சரியா வரலயே" என்றார் மெதுவாக.

எனக்கும் அதுதான் உறைத்தது. நிறையச் சாப்பிட்டவர் கல்லு மாதிரி இருக்கிறார். தொடாத பிள்ளை துவண்டு கிடக்கிறது. இரண்டு பேருக்கும் காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. தலைவலிதான் முதலில் வந்திருக்கிறது. கறி இல்லையென்றால் வேறு எது? தாய்க்கும் மகளுக்கும் பொதுவானது, முருகேசனுக்கு மட்டும் இல்லாதது எது? அவர் ராத்திரி வீட்டில் இல்லை. வீடுதான் பொது.

"செல்வி, ராத்திரி குளிருக்கு என்ன பண்ணீங்க?"

"இவரு ஸ்டோர்லருந்து கங்கு கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு சிஸ்டர். இரும்புச் சட்டில போட்டு உள்ள வச்சுக்கிட்டோம். விடிகாலையில அணையப் பாத்துச்சு, இன்னும் ரெண்டு கை கரி போட்டேன்."

"ஜன்னலு?"

பதில் பாக்கியம் அக்காவிடமிருந்து வந்தது. அவரும் அதே லைனில் குடியிருப்பவர். "மழைக்குப் பாலிதீன் தாள் வச்சு அடச்சது. இன்னும் பிரிக்கல."

நர்சிங் பள்ளியில் ஒரே ஒரு பக்கம் படித்தது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். விரலில் மாட்டுகிற மெஷினுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கினாலும் 98 என்றே காட்டும்.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் சொல்ல வேண்டும். நான் டாக்டர் சாரிடம் ஓடவில்லை. பக்கத்து அறையில் அவர் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். 'கொலைக் கதை படிச்சுப் படிச்சு உனக்கு மண்டை கெட்டுப்போச்சு' என்று அவர் சொல்லப்போவது காதில் கேட்டது. டிரேயை ஒழுங்கு செய்வது போல இரண்டு தடவை ஒழுங்கு செய்தேன். நாலு நிமிடம் போயிருக்கும்.

பாக்கியம் அக்கா வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"சிஸ்டரு, அந்த வீட்ல இன்னொரு ஆளு இருக்கான்."

"யாரு?"

"செல்வி தம்பி சரவணன். திருப்பூர்லருந்து நேத்துச் சாயங்காலம் வந்தான். பஸ்சுல மேட்டு வளைவெல்லாம் சுத்தி வாந்தி எடுத்துட்டு, எதுவுமே சாப்புடாமப் படுத்துட்டான்னு செல்வி இப்பதான் சொன்னா."

முருகேசனிடம் ஓடினேன். "சரவணன் எங்க?"

"தூங்குறான் சிஸ்டர். அவன்தான் கறியே சாப்புடலயே, அவனுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு எழுப்பல. குளிரு உள்ள போகக் கூடாதுன்னு கதவச் சாத்திட்டுத்தான் வந்தேன்."

"கங்குச் சட்டி?"

முருகேசனின் கை ஜீப்புச் சாவியைத் தேடியது. "அவனுக்கு மலைக்குளிரு பழக்கமில்லன்னு அவன் பக்கத்துலதான் வச்சிருந்தா" என்றார்.

4. பாலிதீன் தாள்

டாக்டர் சாரின் அறைக்குள் எப்படி நுழைந்தேன் என்று நினைவில்லை. கட்டம், கங்கு, கதவு, தம்பி என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

"சின்ன சிலிண்டர் எடு. மாஸ்க் எடு. நீ போ, நான் இவர்களைப் பார்க்கும். போடிக்கு விளிச்சு ஆம்புலன்ஸ் நான் சொல்லாம்." பிறகு வாசல் வரை வந்து, "உள்ளே கேறும் முன்னே மூச்சுப் பிடி. முதலில் கதவும் ஜன்னலும்!" என்று கத்தினார்.

ஜீப்பில் முருகேசன், நான், பாக்கியம் அக்கா. யாரும் கூப்பிடாமலே ரோஸ்மேரி அக்காவும் ஏறிக்கொண்டார். தோட்டப் பாதை, முழுக்க உருண்டைக் கல். மஞ்சில் பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. சிலிண்டரை இரண்டு தொடைக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வெரசாப் போ முருகேசா, வெரசா" என்று பாக்கியம் அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். முருகேசன் அழுதுகொண்டே ஓட்டினார். அந்த வளைவுகளில் அதைவிட வேகமாக யாராலும் போக முடியாது.

முருகேசன் கதவை உதைத்துத் திறந்தார். பாக்கியம் அக்கா வெளியில் இருந்தபடியே, வாசலில் கிடந்த கொத்துக் கத்தியால் ஜன்னல் தாளைக் கிழித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். சரவணன் இரண்டு கம்பளிக்குள் படுத்திருந்தார். பார்த்தால் அசதியில் தூங்குகிற ஆள் மாதிரியேதான் இருந்தது. குறட்டைகூட வந்தது. தோளைக் கிள்ளினேன், அசையவில்லை. கால்மாட்டில் சட்டி. சாம்பலுக்குள் இன்னும் சிவப்பு.

கம்பளியோடு சேர்த்து வாசலுக்கு இழுத்துப் போட்டோம். மாஸ்க்கை மாட்டி ஆக்ஸிஜனை முழுதாகத் திறந்தேன். மண் தரையில் சிலிண்டர் நிற்காமல் சாய்ந்தது. ரோஸ்மேரி அக்கா முட்டிபோட்டு உட்கார்ந்து அதைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். முருகேசன் அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அப்புறம் பேசலாம் முருகேசா. அவன் தலைய நேராப் பிடி" என்றார் ரோஸ்மேரி அக்கா.

அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், போடியிலிருந்து ஏறிய ஆம்புலன்ஸைப் போடிமெட்டில் பிடித்தோம். சரவணனைத் தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செல்வியும் அபியும் எங்கள் வார்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துத் தேறினார்கள். அபி மத்தியானமே எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது. சரவணன் கண் திறக்க மறுநாள் ஆயிற்று. ஒரு மாதம்போல மறதி இருந்தது, பிறகு அதுவும் சரியானது.

அன்று சாயங்காலம் முருகேசன் ரோஸ்மேரி அக்காவின் வீட்டு வாசலில் போய் நின்றதையும், உள்ளே போகாமல் வெகுநேரம் நின்றதையும் பாக்கியம் அக்கா வந்து சொன்னார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவருக்கும் தெரியாது. காலித் தூக்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோயிருந்தார் என்பது மட்டும் தெரியும்.

டாக்டர் சார் என்னைப் பாராட்டவில்லை. அது அவர் சுபாவம் அல்ல. மறுவாரம் ரவுண்ட்ஸின்போது, "சிஸ்டரே, நீ இப்போ படிக்குந்ந அந்தக் கதையில் கிழவனைக் கொன்னது ஆரு?" என்று மட்டும் கேட்டார். நான் இன்னும் முடிக்கவில்லை என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

5. கடைசியாக

அதற்குப் பிறகு டிசம்பர் பிறந்தால் எனக்கும் பாக்கியம் அக்காவுக்கும் ஒரு கூடுதல் சோலி. லைன் லைனாகப் போய் ஜன்னலைப் பார்ப்போம். கங்குச் சட்டியை வெளியே வைக்கச் சொல்வோம். ஜன்னலை ஒரு கை அகலமாவது திறந்து வைக்கச் சொல்வோம். திட்டு வாங்குவோம். "குளிர்ல எங்களக் கொல்லப் பாக்குறீங்களா சிஸ்டர்?" என்று கேட்காத வீடு இல்லை. "குளிருக்குக் கம்பளி இருக்கு ஆத்தா, கரிப்புகைக்கு ஒண்ணும் இல்ல" என்று பாக்கியம் அக்காவே பதில் சொல்லிவிடுவார்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் இப்போதும் என்னைப் பார்த்தால், எப்படி மேடம் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் கண்டுபிடித்தது பெரிய விஷயமில்லை. யார் சாப்பிட்டது, யார் சாப்பிடவில்லை என்று இரண்டு கட்டம் போட யாராலும் முடியும். கதை படித்தால் அந்தப் பழக்கம் தானாக வரும். அதனால் படியுங்கள், டாக்டருக்குத் தெரியாமல் படியுங்கள்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த நாலு நிமிடத்தைப் பற்றி. விஷயம் தெரிந்த பிறகும், கேலிக்குப் பயந்து கதவுக்கு வெளியே டிரேயை அடுக்கிக்கொண்டிருந்தேனே, அந்த நாலு நிமிடம். சரவணன் பிழைத்தது என் சாமர்த்தியத்தால் மட்டும் அல்ல, அவருடைய அதிர்ஷ்டமும் சேர்ந்துதான். உங்கள் மனதில் ஒன்று தோன்றினால் உடனே போய்ச் சொல்லிவிடுங்கள். தப்பாக இருந்தால் டாக்டர் திட்டுவார், அவ்வளவுதான். திட்டு வாங்கி ஒருவர் செத்தார் என்று இத்தனை வருடத்தில் நான் எந்த சார்ட்டிலும் எழுதியதில்லை.